புன்னை எண்ணெயும் ஒரு சாக்பீஸ் கோடும்

என் வயதுக்காரர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றுவது என்றால் அப்போது அரைநாள் வேலை. இப்போது என் மகன் வண்டியைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். அங்கே ஒரு மெஷின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுகிறது. வாங்கிய டீ ஆறுவதற்குள் புது டயரோடு திரும்பி வந்துவிடுகிறான். உள்ளே டியூபே கிடையாதாம். அதை அவன் சொன்னபோது நான் நம்பவில்லை. டியூப் இல்லாமல் நமக்கெல்லாம் சின்னப்பிள்ளைக் காலமே கிடையாதே. குருவி அடிக்கும் கவட்டைக்கு வார் அதில்தான். வாளியின் பிடி அறுந்தால் கட்டுவது அதில்தான். பாவாடை நாடா அறுந்த அவசரத்துக்கு ஒரு துண்டு டியூபைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், நாள் முழுக்க இடுப்பு அரித்த கதையை நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள்.

எங்கள் வீடு முத்தையாபுரத்தில் இருந்தது. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் உப்பளம். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உப்போடுதான் வரும். கொடியில் காய்ந்த துணியை நாக்கில் வைத்தால் கரிக்கும். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், அம்மாவின் ஊக்கு, என் ஜாமெட்ரி பாக்ஸ் என்று எல்லாவற்றையும் துரு தின்றது. புதுத் தகர டப்பா வாங்கினால் அம்மா அதைப் பார்த்துப் பரிதாபப்படுவாள், பாவம், எத்தனை நாளைக்கோ என்று.

மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு அந்தத் துரு செய்யும் வேலை இன்னும் மோசம். டயரின் விளிம்பு இரும்பு ரிம்மோடு உட்காரும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்துவிடும். அப்புறம் டயரும் ரிம்மும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஆகிவிடும். பஞ்சர் கடைக்காரர்கள் சம்மட்டியால் அடித்துப் பிரிப்பார்கள். டயர் கழன்று வரும்போது ரிம் நெளிந்திருக்கும். அதனால்தான் காலனிக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அப்பா ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் ஃபிட்டர். கப்பல் உடைசல் விற்கும் கடையில் தடித்த இரும்புக் குழாய் ஒன்றை வாங்கி வந்து, புறவாசலில் சிமெண்ட் போட்டு நட்டு, டயர் கழற்றும் கருவி ஒன்றை அவரே செய்திருந்தார். குழாயின் உச்சியில் சக்கரத்தைப் படுக்க வைக்க ஒரு வட்டத் தகடு. பக்கவாட்டில் ஒரு கை. அதைக் கீழே அழுத்தினால் அதன் தட்டையான பாதம் டயரின் விளிம்பை மிதித்து ரிம்மிலிருந்து பிரிக்கும். பிறகு முனை வளைந்த நீளக் கம்பி ஒன்றைக் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றி நடந்தால் டயர் உரிந்து வரும். மோட்டாரும் இல்லை, கரண்டும் இல்லை. மனுஷன் பாரமும் நடையும்தான். நான் அதற்கு ஒத்தக்காலன் என்று பெயர் வைத்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் அதன் நிழல் சுவரில் விழும். அப்போது புறவாசலுக்குப் போக எனக்குப் பிடிக்காது.

துருவேறிய விளிம்பு விடுபடும்போது "டப்" என்று ஒரு சத்தம் வரும். தெருமுனை வரை கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் அப்பா நிமிர்ந்து ஒரு மூச்சு விடுவார். சக்கரம் கொண்டுவந்தவரும் ஒரு மூச்சு விடுவார். பிறகு ரிம்மைச் சுரண்டித் துடைத்து, சவுக்காரத் தண்ணீர் தொட்டு, புது டயரைப் போடுவார். தண்ணீர் காய்ந்ததும் டயர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கூலி வாங்க மாட்டார். யாராவது நாலு சாளை மீனைக் கொண்டுவந்தால் அம்மா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சட்டியை நீட்டுவாள்.

எல்லாரையும் விட அதிகமாகச் சக்கரம் கொண்டுவந்தது சித்தப்பாதான். அப்பாவின் ஒரே தம்பி. உப்பளத்தில் சூப்பர்வைசர் வேலை. நாள் முழுக்க வரப்புகளில் வண்டி ஓட்டுவதால் அவர் சக்கரம் எப்போதும் உப்பில் நனைந்தே கிடக்கும். என்னைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைத்து அளத்துப் பாதையில் கூட்டிப்போவார். பனையோலை போட்டு மூடிய உப்புக் குவியல்களைக் காட்டி, உள்ளே ஆள் தூங்குகிறான், சத்தம் போடாதே என்பார். நானும் வாயைப் பொத்திக்கொள்வேன். அவர் வண்டிச் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். நிற்பதற்கு முன்னால் ஒரு இருமல் இருமிவிட்டு நிற்கும்.

ஒரு வருஷம் உப்பு வாரும் காலம் தொடங்கும்போது சித்தப்பா முன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். டயரைப் பிரித்தால் ரிம் பக்குப் பக்காக உதிர்ந்தது. இன்னொரு தடவை இப்படித் துருப்பிடித்தால் தூக்கிப்போட வேண்டியதுதான் என்றார் அப்பா. அப்போது அம்மா ஒரு யோசனை சொன்னாள். அம்மா ஆறுமுகநேரிக்காரி. உப்பளத்தை வைத்தே பிழைத்த குடும்பம். அவர்கள் வீட்டில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அதற்குப் புன்னை எண்ணெய் தடவாமல் விடமாட்டார்கள். மண்வெட்டிக்கு, வண்டி அச்சுக்கு, மடைப் பலகையின் கொண்டிக்கு, எல்லாவற்றுக்கும் எண்ணெய். இதற்கும் தடவிவிட்டால் என்ன என்று கேட்டு, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

கசப்பு வாடை அடிக்கும் எண்ணெய் அது. ஒரு முறை கையில் பட்டால் சோற்றிலும் மணக்கும். அப்பாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. டயர் உட்காரும் இடம் முழுக்கத் தாராளமாகத் தடவினார். எப்போதும் முரண்டு பிடிக்கும் டயர் அன்றைக்குச் சொன்னபடி கேட்டு வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. சித்தப்பா சிரித்தார். "மதினி, ஒங்க ஊரு எண்ணெயில என் வண்டி எண்ணெ தேச்சுக் குளிக்கி" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்த உப்புக் காலம் முடிவதற்குள் சித்தப்பா போய்விட்டார். அளத்துப் பாதை தார் ரோட்டில் ஏறும் இடத்தில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றதாம். இவர் பிரேக் பிடித்திருக்கிறார். வண்டி சறுக்கி லாரியின் பின் சக்கரத்தடியில் போயிருக்கிறது. குறுக்கே நாய் வந்தது என்றார்கள். லாரி டிரைவர் குடித்திருந்தான் என்றார்கள். நேரம் சரியில்லை என்றார்கள். ஊரில் ஒரு சாவுக்குக் காரணம் தேடினால் பஞ்சமே கிடையாது. பதினாறாம் நாள் முடிந்ததும் சித்தி கைக்குழந்தையோடு திருச்செந்தூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். வண்டியைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டாள். அது எங்கள் புறவாசலில் நின்றது.

ஒருநாள் அப்பா அதன் முன் சக்கரத்தைக் கழற்றி ஒத்தக்காலன் மேல் வைத்தார். நான் பக்கத்தில் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அதன் கையை அழுத்தினார். "டப்" சத்தத்துக்காக நான் காதைப் பொத்தினேன். சத்தம் வரவில்லை. விளிம்பு ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் விலகியது. அப்பா டயருக்குள் கைவிட்டு டியூபை வெளியே இழுத்தார். காற்றடிக்கும் வால்வு அடியோடு பிய்ந்திருந்தது. அது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அவர் அந்த ஓட்டையில் விரலை விட்டபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையெல்லாம் புன்னை எண்ணெய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பயந்துபோய் மருதாணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அன்றைக்கு அவருக்கு என்ன புரிந்தது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். டயர் ரிம்மை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் எண்ணெய் இருந்தால் பிடிக்காது. ஓடுகிற வண்டியில் பிரேக்கை அழுத்தினால் ரிம் நின்றுவிடும், டயர் மட்டும் கொஞ்சம் வழுக்கிச் சுற்றும். உள்ளே இருக்கும் டியூபும் கூடவே சுற்றும். வால்வோ ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது பிய்ந்தால் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். அப்படித்தான் சித்தப்பா விழுந்தாரா? இல்லை, விழுந்து லாரியில் அடிபட்ட பிறகு வால்வு பிய்ந்ததா? முன்னது என்றால் தம்பியைக் கொன்றது அண்ணன் தடவிய எண்ணெய். பின்னது என்றால் அண்ணன்மேல் குற்றமில்லை. இதைக் கேட்க அவருக்கு ஊரில் ஒரு ஆள் இல்லை. அந்தச் சக்கரம் ஒன்றுதான் சாட்சி.

அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, ஸ்போக்ஸ் கம்பிகளை மாற்றி, புது டியூப் போட்டு வண்டியை ஓட வைத்தார். வேலை முடிந்து வந்ததும், வெயில் தாழ்வதற்கு முன்பே, அதை எடுத்துக்கொண்டு அளத்துப் பாதைக்குப் போவார். வேகமாக ஓட்டிப் போய்ச் சட்டென்று பிரேக் பிடிப்பார். திரும்பி வந்து மறுபடியும் ஓட்டுவார், பிடிப்பார். உப்பளத்தில் மரமும் இல்லை சுவரும் இல்லை. அந்தக் கிரீச்சிடும் சத்தம் அப்படியே காலனி வரை வரும். கூடவே அந்த இருமல்.

சித்தப்பாவின் வண்டி இருமி நிற்கும் சத்தம் அது. பெண்கள் குழாயடியில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஓட்டுவது அப்பாதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சித்தப்பா என்னைக் கூட்டிப்போக வந்துவிட்டார் என்று நினைப்பேன். கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். இந்த வயதிலும் எங்காவது ஒரு பழைய வண்டி இருமிக்கொண்டு நின்றால் கால்கள் தாமாகப் பின்னால் போகின்றன. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தெருமுனைக் கடை அண்ணாச்சிதான் முதலில் வாய் திறந்தார். தம்பி ஆவி அண்ணனைப் பிடித்துக்கொண்டது, அதுதான் விழுந்த இடத்துக்கே தினமும் இழுத்துப்போகிறது என்றார். அம்மா அப்பாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய்க் கடலில் முங்க வைத்தாள். பலனில்லை. பிறகு அண்ணாச்சியே ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார். கோடாங்கி உடுக்கையை அடித்து, விபூதியை அள்ளி வீசி, வந்திருப்பது யார் என்று அதட்டினார். அப்பா பொறுமையாக அவரைப் பார்த்தார்.

"நான்தான் இருக்கேன். வேற யாரும் வரல" என்றார்.

கோடாங்கி மறுபடியும் கேட்டுப் பார்த்தார். அதே பதில். கடைசியில் உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, இது பெரிய கேஸ் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் பிள்ளைகள் அதை நடித்து நடித்துச் சிரித்தோம். பெரியவர்கள் எல்லாரும் அவருக்குள் வேறு ஒருவர் இருப்பதாக நினைத்தார்களே தவிர, அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் சாக்பீஸ்கள் காணாமல் போயின. டீச்சர் விளையாட்டுக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்த துண்டுகள் அவை. ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், வண்டியின் முன் சக்கரத்தில் டயரிலிருந்து ரிம் வரை நேராக ஒரு வெள்ளைக் கோடு. அப்பா ஒவ்வொரு தடவையும் அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். பிரேக் பிடித்துவிட்டு வந்து கோடு நேராக இருக்கிறதா, டயரிலுள்ள பாதி நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். முதலில் வெறும் ரிம்மில் டயர் போட்டுப் பார்த்தார். கோடு அசையவில்லை. சவுக்காரத் தண்ணீர் தொட்டுப் போட்டுப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. எண்ணெய் பாட்டில் மட்டும் புறவாசல் மாடத்தில் தொடாமல் இருந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே போவார்.

அம்மாவிடம் அவர் எதையும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோட்டையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்க்கும் ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்துகிறவளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவர் வண்டி எடுத்தால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். வற்றிப்போய்விட்டாள் அந்தச் சில மாதத்தில்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, அப்பா பாட்டிலை எடுத்தார். தம்பியின் சக்கரத்துக்குத் தடவிய அதே மாதிரி தாராளமாகத் தடவினார். டயரைப் போட்டு, காற்றடித்து, கோடு போட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் கிளம்பிப் போனார். கிரீச் என்ற சத்தம் அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் கேட்டது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். விட்ட பிறகு பார்த்தால் சட்டைக்கடியில் விரல் பதிந்திருந்தது.

வண்டி மெதுவாக உருண்டு வந்தது. அப்பா இறங்கி ஸ்டாண்டு போட்டார். சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பயம், அது எனக்கே தெரிந்தது. எப்போதுமே பார்ப்பதற்கு முன்னால் கால் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பார்ப்பார். அன்றைக்குச் சொம்போடு தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய், கவிழ்த்த வாளி மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா வண்டிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. டயரில் இருந்த பாதி ஒரு விரல் அகலத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து டயரில் இருந்த பாதியை அழித்தாள். சீட்டின் மேல் அப்பா வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, ரிம்மில் இருந்த பாதிக்கு நேராகப் புதிதாக ஒரு கோடு இழுத்தாள். கோலம் போடுகிற கை அது. நடுங்கவே இல்லை. மேலே ஒரு சிட்டிகைப் புழுதியை ஊதிவிட்டாள். அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"நகரல" என்றார்.

"நகராது" என்றாள் அம்மா. "நீங்க வந்து சாப்பிடுங்க."

அவர் வந்தார், சாப்பிட்டார். குழம்பில் உப்பு குறைச்சல் என்றுகூடச் சொன்னார். அம்மா உப்பு எடுக்க உள்ளே போனவள் வர நேரமாயிற்று. மறுநாளிலிருந்து அளத்துப் பாதையில் சத்தம் கேட்கவில்லை. ஆவி இறங்கிவிட்டது என்று அண்ணாச்சி எல்லாரிடமும் சொன்னார். கோடாங்கியின் பெயரும் நன்றாகப் பரவியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. வண்டியைச் சித்தியின் அண்ணனுக்குக் கொடுப்பது என்று முடிவானது. அனுப்புவதற்கு முன்னால் அப்பா முன் சக்கரத்துக்குப் புது டயர் போட உட்கார்ந்தார். ரிம்மைச் சுரண்டினார். பிறகு மாடத்திலிருந்து பாட்டிலை எடுத்துப் புன்னை எண்ணெயைத் தடவினார். எண்ணெய்மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டதல்லவா, பிறகு தடவுவதற்கு என்ன? தடவி முடித்துவிட்டு, கை கழுவிக் காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று முன்பக்கம் போனார். அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஓடிப்போய்ச் சீயக்காய்த் தூளையும் பழந்துணியையும் கொண்டுவந்து, ரிம்மைத் தேய் தேய் என்று தேய்த்து, கழுவித் துடைத்துக் காய வைத்தாள். அப்பா திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சவுக்காரத் தண்ணீர் தொட்டு டயரைப் போட்டார்.

அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சக்கரத்துக்கும் அப்பா எண்ணெய் தடவினார், ஒவ்வொரு சக்கரத்தையும் அம்மா சீயக்காய் போட்டுக் கழுவினாள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து வருவாள். பால் பொங்கி வழிந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வருவாள். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குத் தேய்க்கிற வீடு என்று அண்ணாச்சி கேலி செய்வார். காலனியில் அம்மாவுக்குச் சுத்தக்காரி என்று பெயர். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிறந்த வீட்டு எண்ணெய் வீணாகப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன்.

ஒரு தடவை அம்மா ஒரு கல்யாணத்துக்காக ஆறுமுகநேரி போயிருந்தாள். அப்போது ஒருவர் சக்கரம் கொண்டுவந்தார். அப்பா, இடுப்பு பிடித்துக்கொண்டது, அவள் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினார். சாயங்காலம் குழாயிலிருந்து தண்ணீர்க் குடங்களைத் தோளில் தூக்கி வந்தார். இடுப்பு அதற்குள் சரியாகிவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்படித்தான் பார்த்துக்கொண்டே இருந்தும் ஒன்றும் தெரியாமல் வளர்ந்தோம்.

கல்யாணம் ஆகி, வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன காலத்தில்தான் ஒரு மெக்கானிக் சொல்லிக் கேட்டேன், ரிம்மில் எண்ணெய் படவே கூடாது என்று. அப்போதுதான் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக எனக்கு விளங்கியது. அம்மா ஒரு பொய்க் கோடு போட்டு அப்பாவை மீட்டாள். அந்தப் பொய்யை அவர் நம்பியதால், அவர் கையால் இன்னொரு உயிர் போகாமல் இருக்க, ஆயுசு முழுக்கக் கழுவிக்கொண்டே இருந்தாள். அம்மாவை நினைத்து அழுதேன். அப்பாவை நினைத்தபோது கொஞ்சம் கோபம்கூட வந்தது. எத்தனை வருஷமாக ஈர எண்ணெய் தடவிய ரிம் திரும்பி வந்து பார்க்கும்போது காய்ந்து கிடக்கிறது, ஒரு நாளாவது ஏன் என்று கேட்கத் தெரியாத மனுஷன். சுத்த வெகுளி என்று நினைத்தேன். அம்மாவிடம் இதைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன வாரத்தில் நான் அப்பாவோடு முத்தையாபுரத்திலேயே இருந்தேன். அவர் வயதில் நடமாடுவதே பெரிய காரியம். ஆனாலும் அம்மா படுக்கையில் விழும்வரை பழகினவர்கள் யாராவது சக்கரம் கொண்டுவந்தால் மாட்டேன் என்று சொன்னதில்லை. கம்பியை வந்தவர்களே சுற்றுவார்கள், எண்ணெய் தடவுவது மட்டும் அவர். அன்றைக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், அம்மா போன விஷயம் தெரிந்தும் தெரியாமலும், பழைய வண்டிச் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து ஒத்தக்காலன்மேல் சாய்த்து வைத்தார். அப்பா கட்டிலில் இருந்தபடியே, இனிமேல் கடைக்குக் கொண்டு போங்க என்று சொல்லிவிட்டார். வந்தவர் சங்கடப்பட்டுக்கொண்டே எடுத்துப் போனார்.

அப்பா மனசு ஒடிந்து கிடக்கிறார், ஏதாவது வேலை செய்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"ஏன்ப்பா அனுப்பிட்டீங்க? கம்பிய நான் சுத்த மாட்டனா?" என்று கேட்டேன்.

"நீ சுத்தீருவ" என்றார். "தொடைக்கதுக்கு ஆள் இல்லல்லா."

கட்டிலின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் புறவாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒங்கம்மைக்குக் கோடு மட்டுந்தான் தெரியும். அத அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுட்டா. டயரு சுத்துனா வால்வும் கூடவே சாயும்னு அவளுக்கு எங்கன தெரியும்? நான் குனிஞ்சு பாக்கேன், வால்வு சாஞ்சி நிக்கி."

அப்படியென்றால் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நகரவில்லை என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னபோதே தெரிந்திருக்கிறது. தம்பியின் சாவைத் தன் கையில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு உப்பு குறைச்சல் என்று சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார்.

"தெரிஞ்சா பொறவு எதுக்குப்பா எண்ணெயத் தடவுனீங்க, இத்தன வருசமா?"

"தடவாம விட்டா, எனக்குத் தெரிஞ்சி போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்லா" என்றார் அப்பா. "எண்ணெ அவ குடுத்ததுல்லா, ஏளா."